மத்தங்காய், இரண்டு தரம்

பம்மம் வளைவில் பைக் சறுக்கி
தாடை இரண்டிடத்தில் விண்டுபோனதில்
மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக்
கம்பியால் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.
ஆறு வாரம்.
அரைத்தது, கரைத்தது, வடித்தது மட்டும்
என்று நர்சு என்னிடம்தான் சொன்னாள்,
வாய் என்னுடையது போல.

மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறுகிறவர்
எங்கள் வீட்டு நேசையன்.
ஏத்தன், மட்டி, செந்துளுவன் என்று தொண்டை திறந்தால்
பாலத்தின் மேல் போகும் பஸ்ஸில் இருப்பவனுக்கும்
விலை தெரியும்.
இப்போது மூக்கு வழியே ஒரு ‘ம்’.
அதிலேயே இரண்டு வகை:
வேண்டும், வேண்டாம்.

ஒன்பதாம் நாள் கஞ்சித்தெளியைத்
தள்ளி வைத்தார். வேண்டாம் ‘ம்’.

அண்டி ஆபீசில் எனக்கு அடுத்து இருக்கும் ஞானசெல்வம்
பாதி மத்தங்காயைப் பாலித்தீன் பையில் போட்டுத் தந்தாள்.
“வித்தைக் களஞ்சிராத. கழுவிக் கொண்டா.
எண்ணி வச்சிருக்கேன்” என்றாள்.
பாதிக் காயில் எப்படி எண்ணினாளோ.

மத்தங்காய் மாட்டுக்கு, மனுசனுக்கில்லை
என்பது பதினாலு வருஷமாக
இந்த வீட்டின் சட்டம்.
சட்டம் போட்டவர் கட்டிலில் கிடக்கிறார்.
நான் தோலைச் சீவினேன்.
அண்டிக்கறை ஏறிக் கருத்த என் விரல்களில்
அந்த மஞ்சள்
வேறு யாருடைய கையிலோ இருப்பதுபோல் இருந்தது.

தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி.
சின்ன உள்ளி நாலு, பூண்டு ஒரு பல்,
நிறம் மாறுமுன் மத்தங்காய்த் துண்டுகள்.
மூழ்கத் தண்ணீர், தீயைத் தணித்து மூடி.
மழையில் கிணற்றடிக்கு ஓடி
பனிக்கூர்க்கை கிள்ளினேன்.
இரண்டு இலை போதும்,
மூன்றாவது இலை போட்டால் மருந்தாகிவிடும்.
துளசி ஒரு கொத்து. நல்லமிளகு தட்டி அரை ஸ்பூன்.

மிக்சி போடப் போனால் கரண்ட் இல்லை.
களியலில் மரம் விழுந்ததாம்.
மத்தால் மசித்துத் தேயிலை அரிப்பில் வடித்தேன்.
சொட்டுச் சொட்டாக இறங்கியது.
கால் மணிக்கூர், முக்கால் டம்ளர்.
அதன்மேல் முதல் பால் இரண்டு ஸ்பூன்.

கட்டிலருகே நின்றேன். டம்ளரைப் பார்த்தார்.
நிறத்திலேயே தெரிந்துவிட்டது அவருக்கு.
‘ம்’ வருமுன்
என் வாயிலிருந்து அவர் குரல் புறப்பட்டது.

“மேல்புறத்து மத்தங்காய்! இளஞ்சூடு! பழுதில்லாத சரக்கு!
பத்து ரூவா, பத்து ரூவா, யாரு கேக்கியா?”

பெனிட்டன் கணக்கு நோட்டை விட்டெழுந்து
“இருவது” என்றான்.
“இருவது ஒரு தரம். இருவது ரெண்டு தரம்...”

அவர் சுட்டுவிரலைத் தூக்கினார்.
சந்தையில் குலை எடுக்கிறவர்கள் தூக்குவார்களே,
பாதி மட்டும், சோம்பலாக,
அப்படி.

சிரிப்பு வந்து கம்பி இழுத்ததில்
கண்ணில் தண்ணீர். டம்ளரை வாங்கிக்கொண்டார்.
ஸ்ட்ரா ஒருமுறை அடைத்தது. இலைத்துணுக்கு.
ஊதிச் சரிசெய்து திரும்ப உறிஞ்சினார்,
அடியில் காற்று சத்தம் போடும்வரை.

பிறகு கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினார்:
உப்பு.

கூடுதலா, குறைவா?
கேட்டேன். பேனாவை மூடிவிட்டார்.

அரிப்பில் தங்கிய நாரையும் மிளகுத் தோலையும்
காலைச் சோற்றில் பிசைந்து
அடுக்களையில் நின்றபடியே தின்றேன்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.

வித்துகளைக் கழுவிப் பழைய பேப்பரில் பரப்பினேன்.
எண்பத்தாறு.
ஞானசெல்வத்துக்கு எண்பது.
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்,
பாதிக் காயில் எப்படி எண்ணினாய் என்று.